இரண்டு பேர் பார்த்த ஓட்டை

போன செவ்வாய்க்கிழமை என் கணவர் மாடிப்படியில் விழுந்தார்.

பெரிய விழுதல் இல்லை. கடைசி மூன்று படிகள்தான். கணுக்கால் வீங்கி, கட்டுப் போட்டு, இப்போது ஹாலில் ஸ்டூல் மேல் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறார். விழுந்ததற்குக் காரணம் இருட்டு. இருட்டுக்குக் காரணம் யார்... அதில்தான் எங்கள் வீட்டில் ஒரு வாரமாக வழக்கு நடக்கிறது.

எங்கள் மாடிப்படி விளக்குக்கு இரண்டு ஸ்விட்ச். மேலே ஒன்று, கீழே ஒன்று. எதைத் தட்டினாலும் விளக்கு மாறும் — அணைந்திருந்தால் எரியும், எரிந்துகொண்டிருந்தால் அணையும். அன்று சாயங்காலம் அவர் இறங்கும்போது மேல் ஸ்விட்சைத் தட்டினார். அதே நேரத்தில் நான், ஐயோ பாவம், இருட்டில் வருகிறாரே என்று கீழ் ஸ்விட்சைத் தட்டினேன். இரண்டு பேருக்கும் வெளிச்சம்தான் வேண்டும். கிடைத்தது கும்மிருட்டு. பிறகு 'தொம்' என்று ஒரு சத்தம்.

"யார் அணைச்சது?" — படியில் உட்கார்ந்தபடி அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். காலைப் பார்த்துக்கொண்டதெல்லாம் அப்புறம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் விழுந்ததற்காகச் சிரிக்கவில்லை. சரி, பாதி அதற்காகத்தான். மீதிப் பாதி ஆம்பூருக்காக. இதே இருட்டை நான் முன்பே ஒரு தடவை உண்டாக்கியிருக்கிறேன். அப்போது விழப் பார்த்தவர்கள் இரண்டு பேர்.

எண்பதுகளின் பின்பாதி. கணக்கில் ஒரு பி.எஸ்ஸி., அதன் மேல் ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ். இவ்வளவை வைத்துக்கொண்டு ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் வேலை வாங்கிவிட்டேன். வேலூரிலிருந்து தினமும் பஸ். மாதனூர் தாண்டியதும் தோல் நாற்றத்துக்கு மூக்கில் கர்ச்சீப் வைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள், வைக்காதவர்கள் உள்ளூர்க்காரர்கள். நான் இரண்டாவது வாரமே உள்ளூர் ஆகிவிட்டேன்.

கம்பெனியின் சின்ன முதலாளி ஏதோ ஒரு வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போய்வந்த கையோடு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்; அதில்தான் எனக்கு வேலை. அவர் அறையில்கூட ஃபேன்தான், கம்ப்யூட்டருக்கு ஏ.சி. உள்ளே வருபவர்கள் செருப்பை வெளியே கழற்ற வேண்டும். ஊருக்கெல்லாம் செருப்புத் தோல் அனுப்பும் கம்பெனியில், செருப்புப் போட்டு வரக்கூடாத ஒரே அறை என்னுடையது. எனக்கு அதில் இருந்த கர்வத்தைக் கேட்காதீர்கள்.

எனக்குக் கொடுத்த வேலை சுலபமானது. ஒவ்வொரு தோலிலும் என்னென்ன குறை என்று பதிந்துவைத்து, அதைக் கொண்டு தோலின் தரத்தைக் கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். எட்டுக் குறைகள். நம்பர் போட்டு அட்டையில் எழுதி மாட்டியிருந்தோம். ஒன்று, உண்ணிக் கடி. இரண்டு, அம்மைத் தழும்பு. மூன்று, சூட்டுக் குறி — மாட்டுக்காரர் அடையாளத்துக்குச் சூடு போட்டது. நான்கு, முள் கீறல். இப்படியே போய் எட்டாவது, ஓட்டை.

அப்போது எல்லாவற்றையும் ஃப்ளாப்பியில் வைப்போம். அப்பளம் மாதிரி மெல்லிசாக, வளைகிற ஒரு சதுரம். இன்றைக்கு உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது. அதனால் இடத்தை எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் போலச் செலவழித்தேன். எட்டுக் குறைக்கும் தனித்தனியாக 'உண்டு', 'இல்லை' என்று பதிந்தால் ஒரு தோலுக்கு எட்டு எழுத்து இடம் போகும். ஆனால் நான் ப்ரோகிராம் எழுதிய சி மொழியில் ஒரு வித்தை உண்டு. ஓர் எழுத்துக்கான இடத்தை, அதாவது ஒரு பைட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே எட்டு பிட் இருக்கும். ஒவ்வொரு பிட்டும் ஒரு ஸ்விட்ச். போட்டால் ஒன்று, அணைத்தால் பூஜ்யம்.

எட்டுக் குறை. எட்டு ஸ்விட்ச். எனக்காகவே அளவெடுத்துத் தைத்த மாதிரி இல்லை? மூன்றாவது ஸ்விட்ச் எரிந்தால் சூட்டுக் குறி உண்டு. எட்டாவது எரிந்தால் ஓட்டை உண்டு. எதுவுமே எரியவில்லையென்றால் அது மாசு மருவில்லாத ஃபர்ஸ்ட் கிளாஸ் தோல். ஒரு தோலின் ஜாதகமே ஒரே ஒரு பைட்டில்.

ஓடிப்போய் சின்ன முதலாளியிடம் சொன்னேன். எட்டில் ஒரு பங்கு இடம் போதும் சார், மீதி ஏழு பங்கு மிச்சம்.

"மிச்ச எடத்துல இன்னா பண்ணலாம்?" என்று கேட்டார்.

அதை நான் யோசித்திருக்கவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். நின்றேனா? புத்திசாலி ஆயிற்றே... இன்னும் ஒரு படி மேலே போனேன்.

அந்த ஸ்விட்சைப் போட சி மொழியில் இரண்டு குறிகள் உண்டு. ஒன்று, நேராக நிற்கும் கோடு: | . அதைக் கொண்டு போட்டால் ஸ்விட்ச் எரியும். அப்புறம் பத்துத் தடவை போட்டாலும் எரிந்துகொண்டேதான் இருக்கும். இன்னொன்று, சின்னக் கூரை மாதிரி ஒரு குறி: ^ . அது எங்கள் மாடிப்படி விளக்கு. ஒரு தடவை போட்டால் எரியும். மறுபடி போட்டால் அணையும்.

நான் கூரையைத் தேர்ந்தெடுத்தேன். காரணத்தைக் கேட்டால் நீங்களும் பாராட்டுவீர்கள். டைப் அடிக்கும்போது கை தவறி மூன்றுக்குப் பதில் நான்கை அடித்துவிட்டால் என்ன செய்வது? இன்னொரு தடவை நான்கை அடித்தால் போதும், தானாக மறைந்துவிடும். அழிப்பதற்கென்று தனியாக எதுவும் எழுத வேண்டாம். நாலு வரி மிச்சம். நாலு வரி மிச்சம் பிடித்ததற்காக நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

இப்போது அந்த இரண்டு பேரைச் சொல்ல வேண்டும்.

வடக்கு ஜன்னல் ஓரமாக இரண்டு பெரிய மேஜைகள். நேர் வெயில் விழாத வெளிச்சத்தில்தான் தோலின் குறை கண்ணுக்குத் தெரியும். முதல் மேஜையில் கௌஸ் பாய். மூக்கின் நுனியில் கண்ணாடி, முப்பது வருஷ அனுபவம். அவர் தோலைப் பார்த்து, குறையின் நம்பர்களை ஒரு சீட்டில் எழுதுவார். தோல் அடுத்த மேஜைக்குப் போகும். அங்கே ஏழுமலை, கௌஸ் பாய் என்ன எழுதினார் என்று பார்க்காமல், தானாகப் பார்த்து இன்னொரு சீட்டு எழுதுவார். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படட்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. இரண்டு சீட்டும் என்னிடம் வரும்.

அதுவரை தரத்தையும் அவர்களேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் — ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜெக்ட். இனிமேல் குறையை மட்டும் எழுதினால் போதும், தரத்தைக் கம்ப்யூட்டர் சொல்லும் என்று சின்ன முதலாளி அறிவித்தபோது இரண்டு பேரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்குள் பேச்சு நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது.

என்ன சண்டை தெரியுமா? கௌஸ் பாய் தன் மூத்த மகள் கல்யாணப் பத்திரிகையை ஏழுமலைக்கு நேரில் வைக்கவில்லை; வேறொருவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டார். அதுவும் அடுத்த மேஜைக்கு. ஏழுமலை கல்யாணத்துக்குப் போகவில்லை. வரவில்லையே என்று பாய்க்குக் கோபம். வைக்கவில்லையே என்று ஏழுமலைக்குக் கோபம். "கத்தியை எடுத்துத் தரச் சொல்லு அவரை" என்று பாய் காற்றிடம் சொல்வார். ஏழுமலை கத்தியை எடுத்து மேஜையிடம் கொடுப்பார்.

முதல் லாட், அதாவது ஒரே தடவையில் வந்த ஒரு கட்டுத் தோல், வந்தது. கௌஸ் பாயின் சீட்டுகளை அடித்தேன். அதற்கு மேலேயே ஏழுமலையின் சீட்டுகளையும் அடித்தேன். ப்ரோகிராமைச் சோதித்துப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்த்தேனே. பாயின் சீட்டை மட்டும் போட்டுப் பார்த்தேன், அழகாக வேலை செய்தது. இரண்டாவது சீட்டையும் போட்டுப் பார்க்கச் சோம்பலாக இருந்தது.

கூர்மையான வாசகர்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். எனக்கு அந்தக் கூர்மை அன்று இல்லை.

பிரின்டர் 'கிர்ர் கிர்ர்' என்று கத்தி முடித்தது. கிட்டத்தட்ட லாட் முழுவதும் ஃபர்ஸ்ட். சின்ன முதலாளி பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

புதன்கிழமை அவர் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் ஏதோ கையெழுத்து வாங்க அங்கே நின்றிருந்தேன்.

"கௌஸ் பாய், இந்த லாட்டு எப்படி?"

"தேர்டு சார். பாதி ரிஜெக்ட்டு. உரிச்சதும் உப்பு சரியா போடல, சூட்டுக் குறியும் ஜாஸ்தி."

"ஏழுமலை?"

"தேர்டுதான் சார்."

சின்ன முதலாளி சட்டைப் பையிலிருந்து பேப்பரை எடுத்து மேஜை மேல் விரித்தார். "உங்க சீட்டுதான் கம்ப்யூட்டர்ல போச்சு. அது ஃபர்ஸ்ட்டுங்குது. சீட்டுல ஒண்ணு எழுதறீங்க, வாயால கம்மியா சொல்றீங்க. எத்தினி வருஷமா நடக்குது இது? ரிஜெக்ட்டுனு ஒதுக்கற தோலெல்லாம் பின்கேட்டு வழியா யாருக்குப் போவுது?"



"ரெண்டு பேரும் கூட்டு" என்றார் சின்ன முதலாளி.

ஏழுமலைதான் வாயைத் திறந்தார். "சார், நாங்க பேசியே நாலு வருஷம் ஆவுது. பேசாம எப்படி சார் கூட்டு வெக்கிறது?"

"அதுவும் நடிப்பா இருக்கலாம். நாளைக்கு ஒரு நாள் வாங்க. வெள்ளிக்கிழமை லீவு. சனிக்கிழமை வெளிநாட்டுலேர்ந்து தோல் வாங்கற பையர் வர்றார், இந்த லாட்டை ஃபர்ஸ்ட்டுனு காட்டப் போறேன். அன்னிலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் வர வேணாம்."

கௌஸ் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷம் அந்தக் கண்ணாடியை நம்பித்தான் அந்தக் கம்பெனி தோலை அனுப்பியிருக்கிறது. இப்போது ஒரே வார்த்தையில் அவர் திருடர்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெருமையாக இருந்தது. என் ப்ரோகிராம் ஒரு திருட்டைக் கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை காலை என் அறைக் கதவு திறந்தது. ஏழுமலை. அத்தனை கோபத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார். கையில் ஒரு முழுத் தோல். அதை என் முன்னால் திரைச்சீலை மாதிரி தூக்கிப் பிடித்தார். ஆள் மறைந்துவிட்டார். அப்புறம் தோலின் நடுவில் இருந்த ஓட்டை வழியாக அவருடைய முகம் வெளியே வந்தது. மீசையோடு, முழுசாக.

"என் மூஞ்சி தெரியுதாமா?"

"தெரியுதுண்ணா."

"நல்லா தெரியுதா?"

"நல்லா தெரியுது."

"இது ஃபர்ஸ்ட்டாம். நம்பர் நாப்பத்தேழு. உன் பேப்பர்ல பாரு."

பார்த்தேன். நாற்பத்தேழு, ஃபர்ஸ்ட். சீட்டுகளைத் தேடி எடுத்தேன். கௌஸ் பாயின் சீட்டில் மூன்று, எட்டு. ஏழுமலையின் சீட்டிலும் மூன்று, எட்டு. இரண்டு பேரும் சூட்டையும் பார்த்திருக்கிறார்கள், ஓட்டையையும் பார்த்திருக்கிறார்கள். ஸ்க்ரீனில் மட்டும் பூஜ்யம்.

எட்டை அடித்தேன். ஓட்டை வந்தது. இன்னொரு தடவை எட்டை அடித்தேன். ஓட்டை போய்விட்டது.

ஏ.சி. அறையில் எனக்கு வேர்த்துவிட்டது. கௌஸ் பாய் போட்ட ஸ்விட்சை ஏழுமலை அணைத்திருக்கிறார். அவராக அணைக்கவில்லை, நான் வைத்த கூரை அணைத்திருக்கிறது. ஒருவர் மட்டும் பார்த்த குறை அப்படியே நிற்கிறது. இருவரும் பார்த்த குறை மாயமாகிவிடுகிறது. முகத்தைக்கூடப் பார்த்துக்கொள்ளாத இரண்டு மனிதர்கள் தோல் விஷயத்தில் மட்டும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒத்துப்போயிருந்தார்கள். அந்த ஒற்றுமைதான் அவர்களைத் திருடர்கள் ஆக்கியது.

ஏழுமலை ஓட்டை வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாமா, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?"

"பத்து நிமிஷம் குடுங்கண்ணா" என்றேன்.

பத்து நிமிஷம் எதற்கு? கூரையை எடுத்துவிட்டுக் கோட்டைப் போட ஒரு நொடி போதும். ஒரே ஒரு குறி. போட்டேன். சீட்டுகளை மறுபடி அடித்து முடிக்கத்தான் மத்தியானம் ஆயிற்று. பிரின்டர் கத்தியது. தேர்ட், ரிஜெக்ட், தேர்ட், தேர்ட்... பாய் சொன்னது அப்படியே வந்தது.

பேப்பரை எடுத்துக்கொண்டு சின்ன முதலாளி அறைக்குப் போனேன். போகிற வழியிலேயே பொய்யையும் தயார் செய்துவிட்டேன். எனக்குக் கீழே படிக்கிற தங்கைகள் இரண்டு பேர். இந்த வேலை போனால் வேலூரில் எனக்கு வேறு கம்ப்யூட்டர் கிடையாது. ஆகவே, அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்ன பொய்யையே நானும் சொன்னேன்.

"வோல்டேஜ் சார். ஏறி ஏறி இறங்குச்சு. அன்னிக்குத் தப்பா வந்துடுச்சு. இதுதான் சரியான ரிப்போர்ட்."

அவர் இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வியாபாரி மூளை. "அப்ப இன்னிக்கு வோல்டேஜ் சரியா இருந்துச்சுனு யாரு சொன்னது? இதுதான் தப்போ இன்னாமோ. எனக்கு மொதல்ல வந்ததே சரியாப் படுது."

மாட்டிக்கொண்டேன். வோல்டேஜைக் குற்றம் சொன்னால் நான் தப்பிக்கலாம். அந்த இரண்டு பேர் தப்பிக்க முடியாது. சனிக்கிழமை அவர்கள் வர மாட்டார்கள். வாழ்நாள் முழுக்க ஆம்பூரில் யார் கேட்டாலும், திருட்டுக் கேஸில் வெளியே அனுப்பப்பட்டவர்கள்.

"வோல்டேஜ் இல்ல சார்" என்றேன். "நான்தான்."

கௌஸ் பாயையும் ஏழுமலையையும் கூப்பிட்டார்கள். நாற்பத்தேழாம் நம்பர் தோலும் வந்தது. எல்லார் முன்னாலும் விளக்கினேன். ஸ்விட்ச், பிட், கூரை, கோடு. யாருக்கும் புரியவில்லை. கடைசியில் பச்சையாகச் சொன்னேன். "என் ப்ரோகிராம்ல ஒருத்தர் குறை சொன்னா அது குறை. ரெண்டு பேரும் அதே குறையைச் சொல்லிட்டா, குறையே இல்லைனு எடுத்துக்கும் சார். அப்படி எழுதிட்டேன்."

"இன்னா கணக்குமா இது" என்றார் சின்ன முதலாளி. தோலைத் தூக்கி ஓட்டை வழியாக ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தார். அந்த லாட்டில் அவர் நேராகப் பார்த்த முதல் தோல் அதுதான் என்று நினைக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அவ்வளவுதான். அவ்வளவே அந்த அறையில் பெரிய விஷயம்.

"பேர் கெட்டது உங்க ரெண்டு பேருக்கு. இந்தப் பொண்ணை இன்னா பண்றதுனு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்."

கௌஸ் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். என்னைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தார், மேஜை மேல் விரித்த தோலைப் பார்க்கிற அதே பார்வை.

"தப்பு இருக்குது" என்றார். "சின்னத் தப்பு இல்ல."

பிறகு, நாலு வருஷத்துக்கு அப்புறம், கழுத்தைத் திருப்பினார்.

"ஏழுமலை, நீ இன்னா சொல்ற?"

ஏழுமலை இரண்டு தடவை செருமினார்.

"ஆமா பாய். தப்பு இருக்குது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பஸ், தங்கைகள், ஏ.சி. அறை, எல்லாம் போயிற்று.

"ரெண்டு பேரும் பார்த்துச் சொல்லிட்டோம் சார்" என்றார் கௌஸ் பாய். "அந்த அம்மா கணக்குப்படி இப்ப தப்பே இல்ல. போய் வேலையப் பாக்கச் சொல்லுங்க."

நான் அழுதேன். ஏழுமலை சிரித்தார். வெளியே வந்ததும் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தக் கூரையை எடுத்துட்டியாமா?" என்று ஒரு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். அவருடைய இரண்டாவது மகள் கல்யாணத்துக்கு ஏழுமலை வீட்டுக்கே போய், தட்டில் வைத்துப் பத்திரிகை கொடுத்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அன்றிலிருந்து நான் ஒன்றைக் கவனித்துவருகிறேன். ஒருவர் மட்டும் சுட்டிக்காட்டும் குறையை நாம் சண்டை போட்டாவது பேசுகிறோம். எல்லோரும் ஒப்புக்கொண்ட குறையை யாரும் தொடுவதில்லை. எங்கள் தெருமுனைப் பள்ளத்தைப் பள்ளம் என்று தெருவே ஒத்துக்கொண்டுவிட்டது; அதனால் அது இப்போது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. நம் எல்லார் தலைக்குள்ளும் அந்தக் கூரைக் குறி எங்கோ இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மாடிப்படி வழக்கிலும் தீர்ப்பு வந்துவிட்டது. தப்பு அவர் மேல்தான் என்று நான் சொன்னேன். என் மகளும் வந்து பார்த்து, அப்பா மேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே அவர் குற்றமற்றவர் — காலை நீட்டிக்கொண்டு இரண்டாவது காபி கேட்கிறார், போடப் போகிறேன்.